பச்சையில் கால் வைத்த குற்றம்

டவுன் பஸ் டிரைவருக்கு மலையேறும் ஆசையெல்லாம் இருந்ததில்லை. வருஷக்கணக்காக ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்ததில் வயிறு முன்னால் வந்துவிட்டது, ரத்தத்தில் சர்க்கரையும் ஏறிவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார்.

"பார்க்குல நடக்கச் சொன்னா இவரு பெஞ்சைத் தேடுவாரு டாக்டர்" என்றாள் மனைவி. "எங்கயாவது உக்கார இடமில்லாத பக்கமா அனுப்புங்க."

அப்படித்தான் ஒரு விடுமுறை நாளில் ஊருக்குப் பின்னால் இருந்த மலையில் ஏறினார். மரங்கள் முடிந்து, புதர்கள் முடிந்து, வெறும் பாறையும் காற்றுமாக இருந்த உச்சிக்கு வந்து சேர்ந்தபோது நாக்குத் தள்ளிவிட்டது. பாறைகளுக்கு நடுவே சமதளமாக ஓர் இடம். அங்கே பச்சைப் பசேலென்று, தனக்காகவே யாரோ மெத்தை விரித்து வைத்த மாதிரி ஒரு திட்டு. தொப்பென்று அதன்மேல் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க உக்காந்திருக்கிறது ஒரு உயிர் மேல."

டிரைவர் பதறி எழுந்து, பாம்போ என்று பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார். நீலத் தொப்பி வைத்த ஒரு பெண்மணி எதிரே பாறையில் நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுக்கும் டீச்சர். விடுமுறை நாள் தவறாமல் இங்கே வந்து நின்று, வருகிறவர்கள் செடியை மிதிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் வழக்கம். யாரும் சொல்லிச் செய்யவில்லை. டீச்சர் மண்டியிட்டு ஒரு பூதக்கண்ணாடியை நீட்டினார். டிரைவரும் முட்டி கரகரக்க மண்டியிட்டார். மெத்தை என்று நினைத்தது ஆயிரக்கணக்கான குட்டி இலைகள். நடுவே மிளகளவுகூட இல்லாத வெள்ளைப் பூக்கள், ஒவ்வொன்றிலும் இதழ், மகரந்தம், எல்லாம் குறைவில்லாமல்.

"உள்ளங்கை அகலம் வளர இதுக்கு ஒரு மனுஷனோட பாதி ஆயுசு ஆகும்ணே. பனியைத் தாங்கும், புயலைத் தாங்கும். பூட்ஸ் காலைத்தான் தாங்காது. குதிகாலை ஒருதரம் திருப்பினா வேர் அறுந்துடும்."

"யாரும் சொல்லலியேம்மா" என்றார் டிரைவர்.

"அதான் சொல்றதுக்கு நான் நிக்கிறேன். பாறையில மிதிங்க, அவ்வளவுதான். யாரும் வேணும்னு மிதிக்கிறதில்லை. தெரியாமத்தான் மிதிக்கிறாங்க."

அன்றைக்கு இறங்கும்போது டிரைவர் ஒவ்வொரு அடியையும் கண்ணிவெடி மேல் வைப்பது போல வைத்து இறங்கினார். அடுத்த விடுமுறைக்கு மனைவி சொல்லாமலே கிளம்பினார். சில மாதங்களில் டீச்சர் ஒருபக்கம், டிரைவர் மறுபக்கம் என்று உச்சியை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். டிரைவருக்கு ஜனங்களோடு பேசத் தெரியும். படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே வரவைக்கிற அதே குரலில், "தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துடுப்பா. அங்க ஒரு சமாச்சாரம் இருக்கு, காட்டறேன்" என்பார். வந்தவனை மண்டியிட வைத்துப் பூவைக் காட்டுவார். எழுந்து போகிறவன் அதன்பிறகு தானாகவே பாறை பார்த்துக் கால் வைப்பான். பின்னால் வரும் சிநேகிதனையும் அதட்டுவான்.

மொட்டையாகக் கிடந்த ஓரங்களில் பச்சை திரும்ப ஆரம்பித்தது. டீச்சரும் டிரைவரும் அதைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தார்கள். டிரைவரின் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலம் எது என்று கேட்டால், மனைவி பக்கத்தில் இல்லாத பட்சத்தில், அதைத்தான் சொல்லியிருப்பார்.

இப்படி ஒரு காரியம் செலவில்லாமல், சத்தமில்லாமல், ஒழுங்காக நடந்துகொண்டிருப்பது எத்தனை நாளைக்குப் பொறுக்கும்? மலையுச்சித் தாவரப் பாதுகாப்பு வாரியம் அமைக்கப்பட்டது.

வாரியத்துக்கு ஊர் நடுவில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று கிடைத்தது, ஒரு தலைவர் கிடைத்தார். தலைவர் மலையை அதுவரை மேலிருந்தும் பார்த்ததில்லை, கீழிருந்தும் பார்த்ததில்லை. அவர் அறையின் ஜன்னல் மறுபக்கம் பார்த்தது. டீச்சரை வாரியத்தின் செயலாளர் ஆக்கினார்கள். டீச்சர் பள்ளிக்கூட வேலையை விட்டார்.

"உள்ள நம்ம ஆளு ஒருத்தர் இருக்கணும்ணே. நாம கத்தினாலும் கேக்காதது, உள்ள இருந்து மெதுவாச் சொன்னா கேக்கும்" என்றார் டீச்சர்.

டிரைவருக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்குப் போய் மனைவியிடம், "நம்ம டீச்சர் செயலாளர் ஆயிட்டாங்க" என்றார்.

"நம்ம டீச்சரா?" என்றாள் மனைவி.

முதல் வேலையாக, உச்சியில் நின்று பேசுகிறவர்கள் எல்லோரும் பயிற்சி பெற வேண்டும் என்று வாரியம் முடிவு செய்தது. 'எல்லோரும்' என்றால் டிரைவர்தான். ஜன்னலே இல்லாத அரங்கம் ஒன்றில் மலையுச்சியைத் தத்ரூபமாக அமைத்திருந்தார்கள். சாம்பல் நிறக் கம்பளம் பாறை, பச்சை நிறக் கம்பளம் தாவரம். டீயும் பிஸ்கட்டும் வைத்த மேஜை பச்சைக் கம்பளத்துக்கு அப்பால் இருந்ததால், பயிற்சி அதிகாரி முதற்கொண்டு வாரிய ஊழியர்கள் எல்லோரும் தாவரத்தின் மேல் நடந்துபோய்த்தான் டீ குடித்தார்கள். டிரைவர் மட்டும் சாம்பல் கம்பளத்தைச் சுற்றிக்கொண்டு போனார். நேரம் வீணாக்குகிறார் என்று அதிகாரி கண்டித்தார்.

முடிவில் தேர்வு. ஒருவர் செடியை மிதிக்கப் போகிறார், நீங்கள் என்ன சொல்வீர்கள்? டிரைவர் எழுந்து, "தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துடுப்பா" என்றார்.

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "தம்பின்னு எப்படிச் சொல்றீங்க? வயசானவரா இருந்தா? பெண்ணா இருந்தா? 'இந்தப் பக்கம்'னா எந்தப் பக்கம்? வாரியம் அங்கீகரிச்ச வாசகம் இருக்கு, அதைச் சொல்லுங்க."

அங்கீகரிக்கப்பட்ட வாசகத்தை வலது கையை நெஞ்சளவு உயர்த்திக்கொண்டு சொல்ல வேண்டும்: "மாண்புமிகு மலையேற்றப் பயணியே! தாங்கள் தற்போது பாதம் பதிக்க உத்தேசித்திருக்கும் இடமானது, உயரமான மலைப்பகுதிகளுக்கே உரிய, மிக மெதுவாக வளரும் தன்மை கொண்ட அரிய தாவரத் தொகுதிகளின் வாழிடமாக வாரியத்தால் அடையாளம் காணப்பட்டுள்ளபடியால், தாங்கள் தயைகூர்ந்து அருகிலுள்ள பாறைப்பரப்பைத் தேர்வு செய்யும்படி வாரியம் தங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறது."

"இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவன் மிதிச்சிட்டு அந்தப் பக்கம் இறங்கிப் போயிடுவானே சார்?"

"போகட்டும். கல்வி கொடுத்தாச்சு இல்ல?" என்றார் அதிகாரி.

டிரைவர் தேறவில்லை. டீச்சர் உள்ளிருந்து மெதுவாகச் சொன்னதால் 'தற்காலிக உச்சி உதவியாளர்' என்று ஓர் ஆரஞ்சு நிற மேல்சட்டை கொடுத்தார்கள். "பாத்தீங்களாண்ணே, உள்ள இருந்தா எவ்வளவு ஒத்தாசை?" என்றார் டீச்சர். டிரைவர் நிஜமாகவே நன்றி சொன்னார்.

அடுத்து பலகைகள் வந்தன. 'மிதிக்காதீர்' என்ற பலகையை நட உச்சியில் குழி தோண்ட வேண்டும். பாறையில் கடப்பாறை இறங்காது, ஆகவே செடியைத் தோண்டினார்கள். முதல் காற்றுக்கே பலகை சாய்ந்து மிச்சச் செடிமேல் படுத்துக்கொண்டது. காற்றடிக்கும்போது பலகையருகே நிற்காதீர் என்று இரண்டாவது பலகை வந்தது. அதற்கும் குழி. டிரைவர் டீச்சருக்குப் போன் போட்டார்.

"தெரியும்ணே. எனக்கு மட்டும் வயித்தெரிச்சல் இல்லையா? இந்த ஒரு தடவை விட்டுக்குடுத்தாத்தான் அடுத்த தடவை நம்ம பேச்சைக் கேப்பாங்க."

அடுத்த தடவை சீக்கிரமே வந்தது. வாரியத்தின் வேலையை எப்படி அளப்பது என்று கேள்வி எழுந்தது. செடியை எண்ணுவது கஷ்டம். அது மெதுவாக வளர்கிறது, தலைவரின் பதவிக்காலமோ வேகமாக ஓடுகிறது. எனவே கல்வி பெற்ற பயணிகளை எண்ணுவது என்று முடிவாயிற்று. எண்ணிப் பார்த்தால் வருகிறவர்கள் போதவில்லை. தலைவர் கூட்டம் போட்டுப் பேசினார். டிரைவர் ஆரஞ்சுச் சட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.

"நண்பர்களே! ஒரு வேதனையான உண்மையைச் சொல்கிறேன். நமது உச்சிக்கு ஆட்கள் வருவதில்லை. மிதிக்க ஆள் வந்தால்தானே, மிதிக்காதே என்று நாம் சொல்ல முடியும்? இன்று அந்தச் செடிகள் ஆளரவமற்ற தனிமையில், பாதுகாக்க நாதியின்றிப் பத்திரமாகக் கிடக்கின்றன. இந்த அவல நிலையை மாற்றுவோம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் டீச்சரும் தட்டினார். தட்டிவிட்டுத் திரும்பி டிரைவரைப் பார்த்து, 'என்ன செய்யறது?' என்பது போல லேசாகத் தோளைக் குலுக்கினார். அந்தக் குலுக்கலை டிரைவர் வீடு வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோனார். டீச்சர் இன்னும் நம் பக்கம்தான் என்பதற்கு அவரிடம் இருந்த ஆதாரம் அது ஒன்றுதான்.

வாரியம் ஊரெங்கும் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துக் கூட்டம் வந்தது. ஊஞ்சல் கட்ட இடம் தேடினார்கள், பாட்டுப் போட்டு ஆடினார்கள், பிறந்தநாள் கொண்டாடினார்கள். தற்காலிக உச்சி உதவியாளர் வலது கையை நெஞ்சளவு உயர்த்தி, "மாண்புமிகு..." என்று ஆரம்பிப்பதற்குள் அவரைச் சுற்றி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். கூட்டம் கலைந்தபின் மண்டியிட்டுப் பார்ப்பார். அறுந்த வேர்களைத் திரும்ப மண்ணில் அழுத்தி வைப்பார். பிரயோஜனமில்லை என்று தெரியும். டீச்சர் சொல்லிக்கொடுத்ததுதான்.

வருஷ முடிவில் வாரியம் சாதனை விழா அறிவித்தது. இடம், மலையுச்சி. தலைவருக்கு மூட்டுவலி, ஹெலிகாப்டரில் வருவார். டிரைவர் கண்ணாடிக் கட்டடத்துக்கே ஓடினார். டீச்சரின் அறையில் கதவைத் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டியிருந்தது. நீலத் தொப்பியைக் காணோம். மேஜைமேல் பூந்தொட்டி ஒன்று, பிளாஸ்டிக் பூ.

"உச்சியில சமமா இருக்கிற இடம் ஒண்ணுதான் டீச்சர். அது உங்களுக்கே தெரியும்."

"கீழ மேட்டுல, பாறைத் தளத்துலதான் இறங்கும்ணே. நான் பேசிட்டேன்."

"சத்தியமா?"

"என் மேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?"

டிரைவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார்.

விழாவன்று ஆரஞ்சுச் சட்டையை மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பச்சைத் திட்டின் நடுவே சுண்ணாம்புத் தூளால் பெரிய வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில் மேடை, நாற்காலிகள், போட்டோக்காரர். டீச்சர் பட்டுச் சேலையில் ரிப்பன் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், இது என்ன?"

"கீழ மேட்டுல காத்து ஜாஸ்தியாம்ணே. பைலட் முடியாதுன்னுட்டாரு."

"நீங்க முடியாதுன்னு சொல்லலியா?"

டீச்சர் ரிப்பனைச் சரிசெய்தார். "நான்தான்ணே சரின்னு சொன்னேன். ஒரே ஒரு நாள். திரும்ப வளரும்."

பாதி ஆயுசு ஆகும் என்று சொன்ன வாய் அது. மலைக்குப் பின்னாலிருந்து படபடவென்று சத்தம் கிளம்பியது. டிரைவர் யோசிக்கவே இல்லை. ஓடிப்போய் வட்டத்தின் நடுவில், பச்சையின் மேல், இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு கைகளை விரித்து நின்றார். பஸ்ஸை மறிக்கிற ஆட்களை அவர் எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். இன்றைக்கு அவரே மறித்தார்.

ஹெலிகாப்டர் தலைக்கு மேலே நின்று சுற்றியது. காற்றில் பூவும் புல்லும் மண்ணும் பறந்தன. போட்டோக்காரர் விடாமல் படமெடுத்துக்கொண்டிருந்தார். அப்போது டீச்சர், தலைமுடி கலைய, வட்டத்துக்குள் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தார்.

"வாங்கண்ணே. அசிங்கமாயிடும். வாங்க."

"மேல இருக்கறவரைப் போகச் சொல்லுங்க."

"எனக்காக வாங்கண்ணே. நான் பாத்துக்கறேன். ஏதாவது செய்யறேன். என் மேல ஆணையா."

டிரைவர் அவர் முகத்தைப் பார்த்தார். முதன்முதலில் பூதக்கண்ணாடியை நீட்டியபோது இருந்த அதே முகம்தான். வந்துவிட்டார். அவர் வட்டத்தை விட்டு வெளியே வந்ததும் ஹெலிகாப்டர் இறங்கியது. பச்சை முழுக்க அதன் அடியில் போயிற்று.

தலைவர் மேடையேறினார். "தாவரங்களின் முதல் எதிரி எது? மனிதனின் பாதம்! ஆகவேதான் நான் நடந்து வரவில்லை. ஓர் அடிகூட நடக்காமல் இந்த உச்சியை அடைந்திருக்கிறேன். ஒவ்வொரு குடிமகனும் என்னைப் போல் வரத் தொடங்கினால், இந்த மலையில் ஒரு செடிகூட மிதிபடாது!"

கைதட்டினார்கள். டீச்சரும் தட்டினார். இந்த முறை டிரைவர் பக்கம் திரும்பவில்லை.

சில நாட்கள் கழித்து விசாரணை. கண்ணாடிக் கட்டடத்தில் நீள மேஜை. ஒரு பக்கம் தலைவர், பயிற்சி அதிகாரி, டீச்சர். எதிர்ப்பக்கம் டிரைவர் மட்டும். பாதுகாக்கப்பட்ட தாவரத்தின் மேல் பூட்ஸ் காலோடு நின்றார் என்பது குற்றச்சாட்டு. போட்டோவைக் காட்டினார்கள். கையும் களவுமாக நின்றுகொண்டிருந்தார்.

"நின்னேன்" என்றார் டிரைவர். "ஹெலிகாப்டர் இறங்கக் கூடாதுன்னு நின்னேன். அது எறங்கி மொத்தத்தையும் நசுக்கிடுச்சே, அது குத்தமில்லையா?"

பயிற்சி அதிகாரி விதியைப் புரட்டினார். "விதி 'பாதம்' என்று தெளிவாகச் சொல்கிறது. ஹெலிகாப்டருக்குப் பாதம் கிடையாது."

"அதுக்கு அடியில ரெண்டு கட்டை நீளமா இருக்குமே சார்?"

"அதற்குப் பெயர் சறுக்குச் சட்டம். பாதம் அல்ல."

தலைவர் கனிவோடு குறுக்கிட்டார். "நாங்கள் யாரையும் பழிவாங்க வரவில்லை. இந்த வாரியத்தில் தவறு செய்தவருக்கும் நியாயம் உண்டு, செய்யாதவருக்கும் விசாரணை உண்டு. நேரில் பார்த்த சாட்சி இருக்கிறார். செயலாளர் சொல்லட்டும்."

டிரைவருக்கு உயிர் வந்தது. டீச்சர் சொல்வார். பாத்துக்கறேன் என்றாரே, அது இதற்காகத்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சம்பந்தப்பட்ட நபர் தாவரத்தின் மேல் நின்றாரா?"

"நின்றார்" என்றார் டீச்சர்.

"எந்தக் காரணத்துக்காக?"

டீச்சர் தண்ணீர் குடித்தார். "சம்பந்தப்பட்ட நபரின் மனதில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியாது."

டிரைவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணே என்றால் தன்னைத்தான் என்று இத்தனை நாள் பழகிய காதுக்கு, 'சம்பந்தப்பட்ட நபர்' யார் என்று புரிய நேரமாயிற்று. அதற்குள் தீர்ப்பு சொல்லி முடித்துவிட்டார்கள். ஆரஞ்சுச் சட்டை பறிமுதல். ஆயுள் முழுவதும் உச்சியில் கால் வைக்கத் தடை. அவர் போட்டோ விழிப்புணர்வுக்குப் பயன்படுத்திக்கொள்ளப்படும்.

லிஃப்ட் அருகே டீச்சர் பின்னாலேயே வந்தார். "அண்ணே, ஒரு நிமிஷம். நான் வேற மாதிரி சொல்லியிருந்தா என்னையும் தூக்கியிருப்பாங்க. நான் உள்ள இருந்தாத்தானே மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்த முடியும்?"

"மிச்சம் என்ன இருக்கு டீச்சர்?"

டீச்சர் லிஃப்ட் பொத்தானை அழுத்தினார்.

"விழாவுக்கு அப்புறம் ஒருதரம் மேல போய்ப் பாத்தீங்களா?"

"எங்கண்ணே நேரம்? மீட்டிங்குக்கு மேல மீட்டிங்கு."

லிஃப்ட் வந்தது. டிரைவர் ஏறாமல் படிக்கட்டில் இறங்கினார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. உச்சியில் தெரியாமல் உட்கார்ந்த அன்றைக்கு ரொட்டியும் கையுமாக எழுந்து நின்றாரே, அன்றைய கூச்சம்தான் உடம்பெல்லாம் பரவியது. யாரோ செய்ததற்குத் தான் ஏன் கூச வேண்டும் என்று அவருக்கு விளங்கவில்லை.

சுவரொட்டி சீக்கிரமே அச்சாகி வந்தது. 'தாவரக் கொலை வேண்டாம்! இவரைப் போல் இருக்காதீர்!' என்று கொட்டை எழுத்து. மேலே ஹெலிகாப்டரை வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற டீச்சரையும் வெட்டியிருந்தார்கள். பஸ்களின் பின்பக்கம் விளம்பரத்துக்கு ஏற்ற இடம் என்பதால் டிப்போவில் எல்லா பஸ்களிலும் ஒட்டினார்கள், அவர் ஓட்டுகிற பஸ் உட்பட. முன்னால் அவரும் பின்னால் அவர் படமுமாக ஊரைச் சுற்றி வந்தார். சிக்னலில் பின்னால் நிற்கிற மோட்டார் சைக்கிள்காரர்கள் முன்னால் வந்து எட்டிப் பார்த்து, சிரித்துவிட்டுப் போனார்கள்.

மனைவி டிப்போவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த அன்று பஸ்ஸின் பின்னால் போய் ரொம்ப நேரம் நின்றாள். திரும்பி வந்து டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்தாள்.

"வெட்டுனவன் சரியா வெட்டலை" என்றாள். "உங்க தோள்ல ஒரு கை இருக்கு. விரலு நாலும் தெரியுது."

டிரைவர் சாப்பிட்டார்.

"யாரோடதுன்னு எனக்குத் தெரியும். ஊர்ல கேக்கிறவங்களுக்கு நீங்க சொல்லலாமில்ல?"

"சொல்லி?"

மனைவி வாயெடுத்தாள், பிறகு மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி அது ஒன்றாகத்தான் இருக்கும். "சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள், கண்ணாடிக் கட்டடத்து நிறுத்தத்தில் ஒரு பெண்மணி குடையோடு கை காட்டினார். பஸ் நின்று கதவு திறந்தபோதுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாரியத்தின் காருக்கு அன்றைக்கு ஏதோ ரிப்பேர் போலிருக்கிறது. டீச்சர் ஒரு காலைப் படியில் வைத்திருந்தார். மழை அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

"ஏறுங்க" என்றார் டிரைவர். எல்லோருக்கும் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

டீச்சர் காலை எடுத்துக்கொண்டார். "இல்ல... பரவாயில்லை. நான் அடுத்த பஸ்ல வர்றேன்."

டிரைவர் கதவை மூடிக் கியரைப் போட்டார். பக்கக் கண்ணாடியில் டீச்சர் தெரிந்தார். பஸ் நகர்ந்து முன்னே போகப் போக, அதன் பின்பக்கத்தைப் பார்த்தபடி குடையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றார், மழை நேராக முகத்தில் அடிப்பது தெரியாமல்.

அடுத்த பஸ்ஸிலும் அதே படம்தான் ஒட்டியிருக்கிறது என்று டிரைவர் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.